‘கியர்பாக்ஸ் போச்சு சார்!’ - நம்புவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய மூன்று விஷயங்கள்

“கார் ஓடுதும்மா. ஆனா, யோசிச்சு யோசிச்சு ஓடுது!”

போன மார்கழியில் ஸ்ரீரங்கத்திலிருந்து பெரியப்பா போன் செய்தபோது சொன்ன முதல் வார்த்தை இதுதான். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பெரியப்பாவுக்கு 71 வயது. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடது முழங்கால் சரியாக மடங்காது என்பதால் கிளட்ச் மிதிக்க முடியாது. அவர் வைத்திருப்பது 15 வயதை நெருங்கிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஆட்டோமேட்டிக் கார். நாலு கியர், 82,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெரியம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். காலை ஆறரைக்கெல்லாம் மாம்பழச்சாலை வழியாகக் காவிரிப் பாலம் ஏறி, அண்ணா சிலை, சத்திரம் பேருந்து நிலையம் தாண்டி தில்லைநகர் போக வேண்டும். சிகிச்சை முடிந்து வரும்போது பெரியம்மாவுக்கு உடம்பில் தெம்பே இருக்காது. ஆட்டோ பிடித்து, இறங்கி ஏறி வருவதெல்லாம் முடியாத காரியம். அதனால் அந்த வீட்டில் கார் என்பது வசதி இல்லை, தேவை.

பெரியப்பா சொன்ன புகார்கள் மூன்று.

ஒன்று, காலையில் ஸ்டார்ட் செய்து ‘டி’ போட்டால் கார் உடனே நகர்வதில்லை. மூன்று, நான்கு விநாடி கழித்துத்தான் கியர் பிடிக்கிறது. இரண்டு, பாலம் ஏறும்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் நேரத்தில் இன்ஜின் மட்டும் ‘உர்’ரென்று உறுமுகிறது, வண்டி இழுப்பதில்லை. மூன்று, ரிவர்ஸ் எடுத்துவிட்டு ‘டி’-க்கு மாற்றினால் ‘தட்’டென்று ஒரு இடி.

அவர் வழக்கமாக விடும் பட்டறையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். “கியர்பாக்ஸ் போச்சு சார். இறக்கிப் பிரிக்கணும். 70,000 வரைக்கும் வரும். இந்த வயசு வண்டிக்கு அவ்வளவு செலவு பண்றதுக்கு வித்துட்டு வேற பார்க்கலாம்.”

வண்டி பற்றி எழுதுகிற பெண்ணாயிற்றே என்று எனக்கு போன் வந்தது. நான் கிளம்பித் திருச்சிக்குப் போய் நான்கு நாள் தங்கினேன். அங்கே நான் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம், கற்றுக்கொண்டதுதான் அதிகம். பழைய ஆட்டோமேட்டிக் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் உதவும் என்பதால் இந்த வாரம் அதையே எழுதுகிறேன்.

உங்கள் காரில் இருப்பது எந்த ஆட்டோமேட்டிக்?

இது தெரியாமல் எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. கிளட்ச் பெடல் இல்லாத காரெல்லாம் ‘ஆட்டோமேட்டிக்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால், உள்ளே நான்கு வெவ்வேறு சாதிகள் உண்டு.

டார்க் கன்வெர்ட்டர்: இதுதான் மூத்தது. 1940-ம் வருட மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கொடுத்த ‘ஹைட்ராமேட்டிக்’ காலத்திலிருந்து, எண்ணெயின் அழுத்தத்தால் கியர் மாறும் முறை இருக்கிறது. நம் ஊரில் பழைய ஐ10 ஆட்டோமேட்டிக், 2012-ல் வந்த டிசையர் ஆட்டோமேட்டிக் எல்லாம் இந்த வகை, நாலு கியர் கார்கள். ஒரு டேபிள் ஃபேனை ஓடவிட்டு, அதற்கு எதிரே ஓடாத இன்னொரு ஃபேனை வைத்தால் காற்று பட்டு அதுவும் சுற்றும் இல்லையா? காற்றுக்குப் பதில் எண்ணெய். அதுதான் டார்க் கன்வெர்ட்டர்.

ஏ.எம்.டி: உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸும் கிளட்சும்தான். நம் காலும் கையும் செய்யும் வேலையை ஒரு கருவி செய்கிறது. 2014-ல் மாருதி செலேரியோவில் இது வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்களில் ஆட்டோமேட்டிக் பரவலானது. அந்தக் கார்களும் இப்போது பத்து வயதைத் தாண்டிவிட்டன.

சி.வி.டி: பல்சக்கரத்துக்குப் பதில் இரண்டு புல்லிகளும் ஒரு ஸ்டீல் பெல்ட்டும். பழைய ஹோண்டா சிட்டி இசட்.எக்ஸ். சி.வி.டி. நினைவிருக்கலாம்.

டி.சி.டி: இரண்டு கிளட்ச் கொண்டது. போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. இந்த வகை.

ஏன் இது முக்கியம்? ஒரு வகைக்கு இயல்பாக இருப்பது இன்னொரு வகைக்கு நோய். ஏ.எம்.டி-யில் கியர் மாறும்போது தலை லேசாக முன்னே போய்ப் பின்னே வருவது சகஜம். அதே ஆட்டம் டார்க் கன்வெர்ட்டரில் இருந்தால் கவனிக்க வேண்டும். சி.வி.டி-யில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் முதலில் இன்ஜின் சத்தம் ஏறி, வேகம் மெதுவாகத்தான் பின்னால் வரும். டார்க் கன்வெர்ட்டரில் அப்படி நடந்தால் கியர் வழுக்குகிறது என்று அர்த்தம்.

முதல் மருந்து ஒரு நோட்டு

நான் போன அன்றைக்கே பெரியப்பாவிடம் ஒரு நோட்டு இருந்தது. பணிமனைப் பழக்கம். எத்தனை மணி, எந்த இடம், வண்டி சூடாக இருந்ததா குளிர்ந்து இருந்ததா, எந்தக் கியர், எத்தனை ஆர்.பி.எம்., ஏ.சி. ஓடியதா என்று கட்டம் போட்டு எழுதியிருந்தார். எட்டு நாள் கணக்கு. ஓட்டிக்கொண்டே எழுதவில்லை, பயப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பெரியம்மா சொல்லச் சொல்ல நினைவில் வைத்திருந்து, மருத்துவமனை வாசலில் நிறுத்திவிட்டு எழுதியது.

அந்த எட்டு நாள் கட்டங்களைப் பார்த்ததுமே ஒரு விஷயம் புரிந்தது. ‘டி’ தாமதமாகப் பிடிப்பது ராத்திரி முழுக்க நின்ற பிறகு மட்டும். பகலில் ஒருமுறை ஓட்டிவிட்டால் அந்தப் புகார் இல்லை. இன்ஜின் உறுமல் ஏற்றத்தில் மட்டும். அம்மா மண்டபம் சாலையிலும், திருவானைக்கோவில் பக்கம் சமதளத்திலும் ஒரு தடவைகூட இல்லை. ஆனால், அந்த ‘தட்’ மட்டும் காலை, மாலை, சூடு, குளிர் எதையும் பார்க்கவில்லை. எப்போதும் வருகிறது.

அதாவது மூன்று புகாருக்கும் ஒரே காரணம் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. இரண்டு வேறு கோளாறுகள் ஒன்றாகச் சேர்ந்து, ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்ற ஒரே வாக்கியமாகிவிட்டிருக்கலாம்.

நீங்களும் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வாரம் இப்படி எழுதிப் பாருங்கள். ‘வண்டி ஒரு மாதிரி இருக்கு’ என்று சொன்னால் எந்த மெக்கானிக்கும் ஊகம்தான் செய்ய முடியும். ‘காலையில் முதல் தடவை மட்டும், நாலு விநாடி’ என்று சொன்னால் அவர் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

“எங்க பணிமனைல ஒரு வரிசை உண்டும்மா. முதல்ல எண்ணெய், அப்புறம் கம்பி, கடைசியாத்தான் இரும்பு. இரும்பைப் பிரிச்சுட்டா திரும்ப அதே மாதிரி சேர்க்கறது கஷ்டம். அதனால அது கடைசி” என்றார் பெரியப்பா. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு இதைவிடச் சரியான வரிசையை நான் எங்கேயும் படித்ததில்லை.

முதலில் எண்ணெய்

டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸில் ஓடும் எண்ணெய்க்கு ஏ.டி.எஃப். என்று பெயர். இன்ஜின் ஆயில் வேறு, இது வேறு. இதற்கு மூன்று வேலை. இன்ஜினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கடத்துவது. உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகளை அழுத்திப் பிடித்துக் கியரை மாற்றுவது. உராய்வையும் சூட்டையும் குறைப்பது. எண்ணெய் குறைந்தால் மூன்று வேலையும் கெடும். ராத்திரி முழுக்க நின்றபோது கீழே வடிந்துவிட்ட எண்ணெயை, காலையில் பம்ப் இழுத்து அழுத்தம் கொடுக்க நேரமாகும். ஏற்றத்தில் வண்டி சாயும்போது இருக்கிற கொஞ்ச எண்ணெயும் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றை இழுக்கும். அழுத்தம் விழும், தகடு வழுக்கும், இன்ஜின் உறுமும். பெரியப்பாவின் முதல் இரண்டு புகாரும் இந்தக் கணக்கில் அப்படியே உட்கார்ந்தன.

“அப்போ எண்ணெய் எங்கே போச்சு? தரையில ஒரு சொட்டுகூட இல்லையே” என்றேன் நான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து பெரியம்மா குரல் கொடுத்தார். “கோலத்துக்குப் பக்கத்துல காவி மாதிரி ஒரு கறை இருக்குன்னு நாலு நாளா சொல்லிட்டிருக்கேன். நான் காவியே போடலையே. யாராவது காதுல வாங்கினாதானே?”

டயாலிசிஸ் இல்லாத நாள்களில் வாசல் கோலம் பெரியம்மாதான் போடுவார். மார்கழியில் ஸ்ரீரங்கத்துத் தெருவில் கோலத்துக்குக் காவி கட்டாத வீடு குறைவு. அந்தச் செம்மண் நிறக் கறையை யாரும் எண்ணெய் என்று நினைக்கவே இல்லை. பழசான ஏ.டி.எஃப். சரியாக அந்த நிறம்தான்.

அன்று ராத்திரி காருக்கு அடியில் பெரிய அட்டைப் பெட்டி ஒன்றைப் பிரித்து விரித்து வைத்தோம். காலையில் பார்த்தால், வலது முன் சக்கரத்துக்கு உள்பக்கமாக உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை. இதற்குச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. நீங்களும் செய்யலாம். கறை சிவப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஏ.டி.எஃப். ஆக இருக்கலாம். கறுப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். வெறும் தண்ணீர் என்றால் அது ஏ.சி-யிலிருந்து வருவது, கவலை வேண்டாம்.

அடுத்து அளவு. ஏ.டி.எஃப். பார்க்கத் தனி டிப்ஸ்டிக் இருக்கும் கார் என்றால் நாமே பார்க்கலாம். 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு, சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய் ‘பி’-யில் வைக்க வேண்டும். பிறகு டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். சில ஹோண்டா கார்களில் இன்ஜினை அணைத்த உடனே பார்க்கச் சொல்லியிருப்பார்கள். அதனால் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போது ஃபேன், பெல்ட் பக்கம் துப்பட்டாவோ கையோ போகக் கூடாது.

பல கார்களில் டிப்ஸ்டிக்கே கிடையாது. லிஃப்ட்டில் ஏற்றி, குறிப்பிட்ட சூட்டில் ஒரு போல்ட்டைக் கழற்றித்தான் அளவு பார்க்க முடியும். அதற்குப் பட்டறைதான் வழி. ஆனால், ‘சீல் பண்ணின கியர்பாக்ஸ், எண்ணெயே பார்க்க வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீல் கசியும்போது அதற்குள்ளும் எண்ணெய் குறையத்தான் செய்யும்.

டிப்ஸ்டிக்கைத் துடைக்கும்போது ஒரு வெள்ளை டிஷ்யூ பேப்பரில் துடையுங்கள். பெரும்பாலான ஏ.டி.எஃப். புதிதாக இருக்கும்போது சிவப்பு. பழுப்பு என்றால் வயதாகிவிட்டது. கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே தகடுகள் கருகியிருக்கின்றன. வெயிலில் பிடித்துப் பார்த்தால் ஜிகினா மாதிரி உலோகத்தூள் மின்னினால், அது மோசமான செய்தி. பால் கலந்த மாதிரி வெளிறி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டவே வேண்டாம்.

பெரியப்பாவின் டிப்ஸ்டிக்கில் எண்ணெய் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே இருந்தது. நிறம் பழுப்பு. வாடை இல்லை, தூளும் இல்லை. அவர் அந்த டிஷ்யூ பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்ஜின் ஆயிலை மாசா மாசம் பார்த்தேன். பக்கத்துல இன்னொரு டிப்ஸ்டிக் இருக்கிறதை இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூடத் தொடலை. அடுத்தவன் லோகோவுக்கெல்லாம் எண்ணெய் பார்த்தவன் நான்” என்றார். காரில் ஏ.டி.எஃப். ஒருமுறைகூட மாற்றப்படவில்லை.

அப்புறம் கம்பி

அரியமங்கலம் பக்கம் ஆட்டோமேட்டிக் வேலை தெரிந்த ஒரு சின்னப் பட்டறைக்கு விசாரித்துப் போனோம். எண்ணெயை ஓரளவு நிரப்பிக்கொண்டு, பாலத்தைப் பார்த்து ஓட்டித்தான் போனோம். அங்கிருந்த அண்ணன் நோட்டை வாங்கி முழுக்கப் படித்தார். பிறகு வண்டியைத் தொடாமல் முதலில் பேட்டரியில் மீட்டரை வைத்தார்.

காரணம் இருக்கிறது. கியர் எப்போது மாற வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு சின்ன கம்ப்யூட்டர். எண்ணெயின் வழியைத் திறந்து மூடுவது சோலினாய்டு வால்வுகள். எல்லாம் கரன்ட்டில் ஓடுபவை. பேட்டரி சோர்ந்திருந்தாலோ, எர்த் கம்பி துருப்பிடித்திருந்தாலோ கியர்பாக்ஸ் கோணல்மாணலாக நடந்துகொள்ளும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வரை. பெரியப்பாவின் காரில் இது சரியாக இருந்தது.

அடுத்து ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. போர்ட்டில் ஸ்கேனர் மாட்டினார். ‘பி0733’ என்று ஒரு குறியீடு பதிவாகியிருந்தது. மூன்றாவது கியரில் உள்ளே சுற்றும் வேகத்துக்கும் வெளியே வரும் வேகத்துக்கும் கணக்கு பொருந்தவில்லை என்று அதற்குப் பொருள்.

“பார்த்தீங்களா, மூணாவது கியர் போயிடுச்சு” என்றேன் அவசரமாக.

அண்ணன் சிரித்தார். “கணக்கு பொருந்தலைன்னு மட்டும்தான்மா அது சொல்லுது. ஏன் பொருந்தலைன்னு சொல்லலை. எண்ணெய் இல்லாம வழுக்கினாலும் இதே கோடுதான் வரும். தகடு தேஞ்சாலும் இதேதான்.”

இது எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம். ஸ்கேனர் காட்டும் குறியீடு ஒரு புகார் மனு. தீர்ப்பு அல்ல. ‘பி0700’ என்று வந்தால் கியர் கம்ப்யூட்டரில் ஏதோ புகார் இருக்கிறது, உள்ளே போய்ப் பார் என்று மட்டும் அர்த்தம். ‘பி0705’ என்றால் லீவர் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் சுவிட்சைச் சந்தேகிக்கலாம். ‘பி0715’, ‘பி0720’ என்றால் வேகத்தை அளக்கும் சென்சார்கள். ‘பி0750’ வரிசை என்றால் சோலினாய்டு. இவற்றில் பலதும் கியர்பாக்ஸை இறக்காமலே சரிசெய்யக்கூடியவை. சில நேரம் ஒரு கனெக்டரைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே தீர்ந்துவிடும்.

இன்னொன்று, வண்டி திடீரென்று ஒரே கியரில் மாட்டிக்கொண்டு வேகமே எடுக்காமல், டேஷ்போர்டில் ‘ஓ/டி’ விளக்கோ ‘செக் இன்ஜின்’ விளக்கோ எரிந்தால், கம்ப்யூட்டர் கியர்பாக்ஸைக் காப்பாற்றிக்கொள்ளத் தற்காப்பு நிலைக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே பேட்டரி கம்பியைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணையலாம். ஆனால், பதிவான குறியீடும் அழிந்துபோகும். முதலில் குறியீட்டைப் படித்து எழுதி வைத்துக்கொண்டு, பிறகு எதையும் செய்யுங்கள்.

அந்த ‘தட்’ எங்கிருந்து வந்தது?

அண்ணன் பானட்டைத் திறந்து வைத்து, முன்னாலும் பின்னாலும் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டார். பெரியப்பாவை உள்ளே உட்காரவைத்து, கைப்பிரேக் போட்டு, கால்பிரேக்கை நன்றாக அழுத்தச் சொல்லி, ‘ஆர்’-க்கும் ‘டி’-க்கும் மாற்றச் சொன்னார். பக்கவாட்டில் நின்று பார்த்த எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு முறையும் இன்ஜின் மொத்தமாக எம்பி விழுந்தது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் ஒன்று கிழிந்திருந்தது. ‘தட்’ கியர்பாக்ஸுக்கு உள்ளேயிருந்து வந்த சத்தமே இல்லை. அதனால்தான் அது சூடு, குளிர் பார்க்காமல் எப்போதும் வந்தது. இந்தச் சோதனையை நீங்களாகச் செய்யாமல், பட்டறையில் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கசிவு, ஆக்ஸில் ஆயில் சீலில். சீலை மாற்றி, மவுன்டை மாற்றி, பழைய ஏ.டி.எஃப்-ஐ வடித்துப் புதிது ஊற்றினார்கள். கையேட்டில் எந்த ரகம் போட்டிருக்கிறதோ அதே ரகம். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழைய நாலு கியர் ஹூண்டாய்க்கு எஸ்.பி-3, ஹோண்டாவுக்கு டி.டபிள்யூ-1 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ரகம் உண்டு. சி.வி.டி-க்கு சி.வி.டி. எண்ணெய் மட்டும்தான். ‘எல்லாத்துக்கும் போடலாம்’ என்று ஒரு கேனைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை வடித்தால் எல்லா எண்ணெயும் வந்துவிடாது. நிறைய டார்க் கன்வெர்ட்டருக்குள் தங்கிவிடும். அதனால் சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து நிரப்பச் சொன்னார் அண்ணன். இரண்டு முறைக்கும் சேர்த்து மொத்தச் செலவு 9,400 ரூபாய்.

கடைசியாகத்தான் இரும்பு

எல்லோருக்கும் இப்படிச் சுலபமாக முடியும் என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் அளவும் ரகமும் சரி, மின்சார இணைப்புகளும் சரி, அப்போதும் வழுக்குகிறது என்றால் பட்டறையில் எண்ணெயின் அழுத்தத்தை மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அடிப்பகுதித் தட்டைக் கழற்றி, அதில் படிந்திருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். நைஸான கறுப்பு மசி கொஞ்சம் இருப்பது சகஜம். துண்டு துண்டாக உலோகம் இருந்தால் பிரிக்கத்தான் வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் காரின் விலை எவ்வளவு, பழுதுச் செலவு எவ்வளவு, 15 வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வேண்டிய நாள் எப்போது என்ற கணக்கெல்லாம் வர வேண்டும். முதல் நாளே அல்ல.

மற்ற மூன்று வகைக் காரர்களுக்கு...

ஏ.எம்.டி. வைத்திருப்பவர்களே, வைகுண்ட ஏகாதசி நெரிசலில் காவிரிப் பால ஏற்றத்தில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்திக்கொண்டே வண்டி பின்னால் போகாமல் பிடிப்பீர்களே, அது கிளட்ச்சைக் கருக்கும் வேலை. பிரேக்கில் நில்லுங்கள். கியர் விழாமல் ‘என்’ என்று மின்னினாலோ, கிளம்பும்போது நடுங்கினாலோ முதலில் கிளட்ச் தேய்மானம், ஆக்சுவேட்டரின் எண்ணெய் அளவு, பேட்டரி இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சி.வி.டி-யில் கிளம்பும்போது அதிர்வும், வேகத்தோடு கூடிக்கொண்டே போகும் ஊளைச் சத்தமும் வந்தால் தள்ளிப்போட வேண்டாம். டி.சி.டி-யில் ஊர்ந்து போகும் நெரிசலில் நடுக்கம் வந்தால், முன்னால் ஒரு வண்டி இடைவெளி விட்டு, அங்குலம் அங்குலமாக நகராமல் மொத்தமாக நகர்ந்து பழகுங்கள். திருச்சியில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது எல்லா வகைக்கும் சூடுதான் முதல் எதிரி.

இவை வேண்டாம்!

* சந்தில் வண்டியைத் திருப்பும் அவசரத்தில், ரிவர்ஸில் உருண்டுகொண்டிருக்கும்போதே ‘டி’ போடாதீர்கள். சக்கரம் முழுசாக நின்ற பிறகுதான் மாற்ற வேண்டும்.

* வண்டி நின்றுபோனால், முன் சக்கரத்தில் ஓடும் ஆட்டோமேட்டிக் காரை முன் சக்கரம் தரையில் உருளும்படி கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இன்ஜின் ஓடாதபோது உள்ளே எண்ணெய் பம்ப்பும் ஓடாது. வறண்டு தேய்ந்துவிடும். முன் சக்கரங்களைத் தூக்கியோ, மொத்தமாக லாரியில் ஏற்றியோதான் கொண்டுபோக வேண்டும்.

* எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். நுரைத்துப்போய், குறைந்தால் என்ன தொல்லையோ அதே தொல்லையைக் கொடுக்கும்.

* கோளாறு இருக்கும்போது ‘டெஸ்ட் பண்ணிப் பார்க்கிறேன்’ என்று 70 கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்குப் போகாதீர்கள். நம்பர் 1 டோல்கேட் தாண்டி சமயபுரம் வரை நிதானமாக ஓட்டினாலே, நாலாவது கியர் விழுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மூன்று கேள்விகள்

அடுத்த முறை யாராவது ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று சொன்னால் சண்டை போட வேண்டாம். பணிவாக மூன்றே கேள்விகள் கேளுங்கள். எண்ணெய் எவ்வளவு இருந்தது, என்ன நிறம்? ஸ்கேனரில் என்ன குறியீடு வந்தது? எந்தச் சோதனையை வைத்து உள்ளே பழுது என்று சொல்கிறீர்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேளுங்கள். ஒன்றுக்குமே பதில் இல்லையென்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

1976-ல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 கடைசியில் பராமரிப்புக்காக மூடியபோது, ஸ்ரீரங்கத்துக்காரர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தச் சில மாதங்களைப் பெரியப்பா இன்னும் மறக்கவில்லை. “அப்போ பாலம் இல்லை, வண்டி இருந்துச்சு. இப்போ பாலம் இருக்கு, வண்டி இல்லாம போயிடுமோன்னு பயந்துட்டேன்” என்றார். வண்டி தயாரான மறுநாள் காலை நானும் பின் சீட்டில் உட்கார்ந்து தில்லைநகர் போனேன். பால ஏற்றத்தில் மூன்றாவது கியர் விழுந்ததே தெரியவில்லை. பெரியம்மா மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு, பெரியப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரியானால் காருக்கு அடியில் ஒரு அட்டை விரிக்கிறார் பெரியப்பா. போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். அட்டை சுத்தமாக இருந்தது. பக்கத்தில் வாசல் நிறையக் கோலம், சுற்றிலும் காவி. ‘இது உங்க பெரியம்மா போட்டது’ என்று கீழே ஒரு வரி.